முன்பாரமா, பின்பாரமா? கேம்பிங் டிரெய்லரோடு பைக்கையும் கொண்டுபோவது எப்படி

சிறிய கேம்பிங் டிரெய்லரை இழுத்துப் போகிறவர்கள், கூடவே ஒரு பைக்கையும் ஏற்றிக்கொள்வது பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பாதிப் பேர் கயிற்றைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். பைக் எங்கே நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் எதால் கட்டுவது என்ற பேச்சு. அதனால் பதில்களையும் அந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் டிரெய்லர் சாமான்களோடு சேர்த்து 650 கிலோ. ஒற்றை அச்சு. பின்பக்க பம்பரில் ஒரு தாங்கி பொருத்தி, 120 கிலோ எடையுள்ள 125 சிசி பைக்கை அதில் நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். தாங்கி 25 கிலோ. மொத்தம் 145 கிலோதானே, தாங்காதா?

பதில்: பம்பர் தாங்குமா என்பதை அப்புறம் பார்ப்போம். டிரெய்லர் தாங்காது.

டிரெய்லரை ஒரு நெம்புகோலாகப் பாருங்கள். அச்சுதான் தாங்குபுள்ளி. முன்முனையில் ஹிட்ச் பந்து, அதாவது காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொண்டியின் உருண்டை, இருக்கிறது; பின்முனையில் உங்கள் பைக் நிற்கப்போகிறது. ஹிட்ச் பந்தின் மேல் டிரெய்லர் அழுத்துகிற எடைக்கு மூக்கு எடை என்று பேர் வைத்துக்கொள்வோம். ஒற்றை அச்சு டிரெய்லர் நேராக ஓட, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருப்பது நல்லது. உங்கள் 650 கிலோவில் 70 கிலோ மூக்கில் இருப்பதாகக் கொள்வோம். ஹிட்சிலிருந்து அச்சு வரை 2.6 மீட்டர். அச்சிலிருந்து பின்சுவர் 1.5 மீட்டர்; அதைத் தாண்டி 40 சென்டிமீட்டரில் பைக்கின் நடுக்கோடு. ஆக, அச்சுக்குப் பின்னால் 1.9 மீட்டரில் 145 கிலோ.

145-ஐ 1.9-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுத்தால் 106. மூக்கிலிருந்து 106 கிலோ குறையும். இருந்ததே 70. அதாவது டிரெய்லர் ஹிட்சை அழுத்துவதற்குப் பதிலாக 36 கிலோ விசையோடு மேலே தூக்கும். காரின் பின்சக்கரங்களும் அந்த அளவுக்கு மேலாகவே பிடிப்பை இழக்கும். அச்சின் மேல் ஏறுவதும் வெறும் 145 கிலோ இல்லை. மூக்கில் குறைந்த 106-ம் அங்கேதான் போய்ச் சேரும். அச்சுக்கு 251 கிலோ கூடுகிறது. முன்பு 580 கிலோ சுமந்த அச்சு இப்போது 831 கிலோ சுமக்கும். உங்கள் அச்சு 750 கிலோவுக்கானது என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

பாரவண்டி ஓட்டியவர்கள் பேச்சில் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொல் உண்டு. பின்பாரம் ஏறிய வண்டி முன்னால் தூக்கும். மோட்டார் வாகனத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: வேகம் கூடும்போது டிரெய்லர் பக்கவாட்டில் வாலாட்டத் தொடங்கும். ஆடும் பாரத்தின் மந்தம், அதாவது ஆடத் தொடங்கினால் நிற்க மறுக்கும் குணம், தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அச்சிலிருந்து அரை மீட்டரில் இருக்கும் பொருளை 1.9 மீட்டருக்குக் கொண்டுபோனால், அதே எடை, ஆட்டத்தை நிறுத்தவிடாமல் இழுக்கும் சக்தி மட்டும் 14 மடங்குக்கு மேல்.

“முன்னால் தண்ணீர் கேன்களை வைத்துச் சரிக்கட்டலாமே” என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கணக்குக்கு மூக்குப் பக்கத்தில் 150 கிலோவுக்கு மேல் வைக்க வேண்டும். மொத்த எடை 950-ஐத் தொடும், இரண்டு முனையிலும் கனம் சேரும், ஆட்டத்துக்கான மந்தம் இன்னும் ஏறும். நோயைவிட மருந்து மோசம்.

பம்பர் விஷயம்: பல சிறிய டிரெய்லர்களில் பம்பர் என்பது மெல்லிய தகட்டில் செய்த சதுரக் குழாய். ஸ்டெப்னி டயருக்காக வைத்தது. மேடுபள்ளத்தில் அதன் மேல் விழும் அடி நின்ற எடையைவிடப் பல மடங்கு. குழாய் வளைவதற்கு முன்பே, அது சட்டத்தோடு சேரும் வெல்டிங்கில் விரிசல் விடும். விரிசலைப் பெயின்ட் மறைத்துவிடும் என்பதால் சாலையில் பைக் கிடக்கும்போதுதான் தெரியவரும்.

கேள்வி: அப்படியானால் முன்பக்கம், ஹிட்சுக்கும் டிரெய்லர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் முக்கோணச் சட்டத்தின் மேல் குறுக்காக நிறுத்திவிடலாமா? முன்பாரம் நல்லதுதானே?

பதில்: ஓரளவு வரை நல்லது. முந்தைய வாசகரின் அதே டிரெய்லரில் ஹிட்சிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி பைக்கை வைத்தால், அச்சிலிருந்து அதே 1.9 மீட்டர். அதே 106 கிலோ இம்முறை கூடும். மூக்கு எடை 176 கிலோ, மொத்தத்தில் 22 சதவீதம். பல கார்களின் ஹிட்ச் தாங்க அனுமதித்திருப்பது 75 முதல் 100 கிலோதான். அந்த எண் ஹிட்சில் உள்ள தகட்டிலும் காரின் கையேட்டிலும் இருக்கும். இரண்டில் சிறியது எதுவோ அதுவே உங்கள் எல்லை.

எல்லை மீறினால் என்ன ஆகும்? காரின் பின் அச்சிலிருந்து ஹிட்ச் 1.1 மீட்டர் பின்னால் நீட்டியிருக்கிறது, முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2.6 மீட்டர் என்று வையுங்கள். கூடுதலான 106 கிலோ, பின் அச்சில் 151 கிலோவாக இறங்கும். முன்சக்கரங்களிலிருந்து 45 கிலோவைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் லேசாகும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

பைக்குக்கு உகந்த இடம் அச்சுக்குச் சற்றே முன்னால். அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்பு 145 கிலோவை வைத்தால் மூக்கில் 17 கிலோதான் கூடும். முன்பக்கம் சாமான் தளம் வைத்தே கட்டிய டிரெய்லர்களில், அந்தத் தளத்தைக் கணக்கில் எடுத்து அச்சை முன்னே தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். அவற்றில் தயக்கமின்றி ஏற்றலாம். சாதாரண டிரெய்லரின் முக்கோணச் சட்டத்தில் நீங்களாகப் பலகை அடித்து ஏற்றுவது வேறு. அப்படிச் செய்தே ஆகவேண்டும் என்றால் பைக் 60, 70 கிலோவுக்குள் இருக்கட்டும். மூக்கு எடையை அளந்து பார்த்து, உள்ளே இருக்கும் சாமான்களை அச்சுக்கு நேராக நகர்த்துங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகப் பின்னே வந்து, காரின் மூலை ஹேண்டில்பாரில் இடிக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். இதை ஏற்றிய அன்றே, காலியிடத்தில் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: மூக்கு எடையை அளக்க எடைமேடைக்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். உடல் எடை பார்க்கும் மெஷின் ஒன்று போதும், ஆனால் நேரடியாக மூக்கை அதன் மேல் இறக்கினால் மெஷின் போய்விடும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தடித்த மரச்சட்டம் ஒன்றை எடுங்கள். ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை மெஷின் மேலும் சமமட்டத்தில் வையுங்கள். இரண்டு தாங்கும் புள்ளிகளுக்கும் நடுவே 90 சென்டிமீட்டர். செங்கல் பக்கத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் மூக்கை இறக்குங்கள். சட்டத்தின் எடையைக் கழித்து வருகிற எண்ணை 3-ஆல் பெருக்கினால் மூக்கு எடை. மெஷின் 28 காட்டினால் 84 கிலோ.

மூன்று விஷயம் தவறக் கூடாது. தரை சமமாக இருக்க வேண்டும். மூக்கு, காரில் மாட்டியிருக்கும்போது உள்ள உயரத்திலேயே இருக்க வேண்டும். தூக்கினாலோ தாழ்த்தினாலோ எண் மாறும். தண்ணீர்த் தொட்டி பயணத்தில் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும். கடைசியைப் பலரும் மறக்கிறார்கள். 60 லிட்டர் தொட்டி என்பது 60 கிலோ. அது அச்சுக்கு முன்னால் இருந்தால், திரும்பும் பயணத்தில் காலியாகும்போது மூக்கு லேசாகும். போகும்போது அடங்கி வந்த டிரெய்லர் வரும்போது ஆடுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

கேள்வி: பிக்கப்பின் பின்தளத்தில் பைக், பின்னால் டிரெய்லர். தளத்தின் நீளம் 1.5 மீட்டர்தான். பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டலாமா? பிக்கப்பின் சுமைத்திறன் 600 கிலோ.

பதில்: இருக்கிற வழிகளில் நல்லதைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். பைக் டிரெய்லரிலேயே ஏறாததால் அதன் சமநிலை அப்படியே இருக்கும்.

முதலில் 600-ஐச் செலவழிப்போம். நான்கு பேர் 280. பைக் 150. சாய்வுப் பலகை, ஸ்ட்ராப், கருவிகள் 20. மூட்டை முடிச்சு 60. கூட்டினால் 510, இன்னும் 90 இருக்கிறது என்று தோன்றும். டிரெய்லரின் மூக்கு எடை 80-ம் இந்த 600-க்குள்தான் அடக்கம். இழுவைத்திறன் என்று தனியாக ஓர் எண் தந்திருப்பதால், மூக்கு எடை அந்தக் கணக்கில் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எடையைச் சுமப்பது பிக்கப்பின் பின் அச்சும் டயர்களும்தான். ஆக மொத்தம் 590. மேற்கொண்டு ஒரு ஜெனரேட்டர் ஏற்ற இடமில்லை.

அடுத்தது நீளம். பைக் 2 மீட்டர். இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவே 1.3 மீட்டர். முன்டயர் முன்சுவரைத் தொட்டு நின்றால், பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி முன்சுவரிலிருந்து 1.6 மீட்டரில் வரும். அதாவது கதவின் மேல். கதவைத் தாங்குவது இரண்டு கம்பிவடமும் கீலும். ஒருவர் உட்காரத் தாங்கும் என்பதால் 80 கிலோ குதித்துக் குதித்து இறங்குவதை நாள் முழுக்கத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. திறந்த கதவு அரை மீட்டர் பின்னே நீட்டும் என்பதால், திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கைத் தாங்கி நிறுத்தும் ஜாக் அதில் இடித்துக் கதவை நசுக்கும்.

மூலைக்கு மூலை நிறுத்துங்கள். 1.5-க்கு 1.4 மீட்டர் தளத்தில் மூலைவிட்டம் 2.05 மீட்டர். மட்டுமட்டாக உள்ளே அடங்கி, கதவும் மூடிவிடும். முன்டயர் மூலையில் அழுந்துகிற இடத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை வையுங்கள், இல்லாவிட்டால் தகடு குழியும். குறுக்கே நிற்கும் பைக்கில் இடது வலது ஸ்ட்ராப்புகள் ஒரே நீளம் வராது. நீளத்தைப் பார்க்காதீர்கள், பைக் நிமிர்ந்து நிற்கிறதா, இரண்டிலும் இழுப்பு சமமா என்று பாருங்கள்.

கேள்வி: எத்தனை ஸ்ட்ராப், எங்கே மாட்டுவது? ஹேண்டில்பாரில் மாட்டி இறுக்கினேன். வழியில் ஒரு பக்கக் கொக்கி கழன்று பைக் சாய்ந்துவிட்டது.

பதில்: நான்கு ராட்செட் ஸ்ட்ராப், அதாவது பல்சக்கரப் பிடியால் இறுக்கும் நாடா. பாலியெஸ்டர் நாடா, நைலான் அதைவிட அதிகம் இழுபடும், நனைந்தால் இன்னும் தளரும். அகலம் 25 மில்லிமீட்டர் போதும், 38 இருந்தால் நிம்மதி. நாடாவின் சீட்டில் இரண்டு எண் இருக்கும்: அறுந்துபோகும் எடை, வேலை எடை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவது முதல் எண்ணை. வேலை எடை பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்துத்தான் வாங்க வேண்டும். சுமை கட்டும் கணக்கில், திடீர் பிரேக்குக்கு முன்னோக்கி எடையின் 0.8 பங்கும், வளைவுக்குப் பக்கவாட்டில் 0.5 பங்கும் எடுத்துக்கொள்வார்கள். 150 கிலோ பைக் என்றால் முன்னோக்கி 120, பக்கத்தில் 75 கிலோ விசை. நாடா சாய்வாக இழுப்பதாலும் இறுக்கி வைப்பதாலும் அதற்குமேல் சுமை ஏறும். ஒவ்வொன்றும் 250 கிலோ வேலை எடைக்குக் குறையாமல் இருக்கட்டும்.

உங்கள் கொக்கி கழன்றதற்குக் காரணம் ஹேண்டில்பார் இல்லை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க். பள்ளத்தில் இறங்கும்போது முன் சஸ்பென்ஷன் ஒரு நொடி அமுங்குகிறது. அந்த நொடி ஸ்ட்ராப் தொய்கிறது. திறந்த வாய் கொக்கி வளையத்திலிருந்து நழுவுகிறது. ஃபோர்க் மீண்டும் எழும்போது ஒரு பக்கத்துப் பிடிதான் மிச்சம். இதற்கு இரண்டு பரிகாரம்: வாய்க்கு நாக்குப் பூட்டு உள்ள கொக்கி, ஃபோர்க்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது.

எவ்வளவு அமுக்குவது என்பதில்தான் கை கட்டுக்குள் நிற்பதில்லை. ஃபோர்க்கின் மொத்த அசைவில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை. ராட்செட்டின் பலத்தில் முழுக்க அமுக்கிவிட்டால், ஒவ்வொரு குலுக்கலும் நேராக ஆயில் சீலையும் ஹேண்டில்பார் பிடிகளையும் தாக்கும். இறங்கும்போது ஃபோர்க் காலில் எண்ணெய் வடிந்திருக்கும். கை தானாக நிற்காதென்றால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வையுங்கள். அதற்கு மேல் அமுங்காது. மட்கார்டு வெறும் பிளாஸ்டிக் என்றால் மரத்துண்டு ஃபோர்க்கின் அடிப்பிடியில் முட்டும்படி இருக்க வேண்டும்.

மாட்டும் இடம்: இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்ப்பக்க இரும்புப் பிடி. அதில் மென்துணி வளையத்தைச் சுற்றி, ஸ்ட்ராப் கொக்கியை வளையத்தில் மாட்டுங்கள். பல பைக்குகளில் ஹேண்டில்பார் ரப்பர் புஷ்ஷின் மேல் உட்கார்ந்திருக்கும். இறுக்க இறுக்க அது முறுக்கும். முன்பக்கம் இரண்டு ஸ்ட்ராப்பும் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் விரிந்து, முன்னால் நின்று பார்த்தால் ஏறக்குறைய 45 பாகையில் போக வேண்டும். பிரேக் ஹோஸ், வயர், சைலன்சர் எதையும் நாடா தொடக் கூடாது. ராட்செட்டை ஒரே பக்கம் இறுக்கி முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இரண்டு கிளிக் இங்கே, இரண்டு கிளிக் அங்கே. பின்பக்க ஸ்ட்ராப் இரண்டும் ஃபிரேமிலிருந்து பின்னோக்கி, பக்கவாட்டில். அவற்றை இறுக்குவது பின்சக்கரம் துள்ளி நகராமல் இருக்க. பின் ஷாக் அப்சார்பரை முழுக்க அமுக்க இல்லை.

மிச்ச நாடாவை முடிந்து வையுங்கள். நீண்ட தூரம் காற்றில் ஓடும் பகுதியில் நாடாவுக்கு ஒரே ஒரு முறுக்கு கொடுத்தால் படபடப்பு நிற்கும். படபடக்கும் நாடா ஓரத்தில் தேயும். முதல் 15 கிலோமீட்டரில் நிறுத்தி இழுத்துப் பாருங்கள். முடிச்சுகளும் டயர்களும் உட்காருவது அப்போதுதான். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும்.

கேள்வி: சைடு ஸ்டாண்ட் போட்டு, அதோடு சேர்த்துக் கட்டினால் கூடுதல் பாதுகாப்பா?

பதில்: இல்லை. சஸ்பென்ஷன் அமுங்கும்போது மொத்தக் கனமும் ஸ்டாண்டின் ஒற்றைப் போல்ட்டில் இறங்கும். போல்ட்டோ, ஃபிரேமில் அது சேரும் காதோ கிழியும். ஸ்டாண்டை மடக்கி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு சக்கரப்பிடி வையுங்கள். ஹேண்டில் லாக்கும் வேண்டாம். பூட்டினால் சக்கரம் ஒருபுறம் திரும்பி நிற்கும், ஸ்ட்ராப் சமமாக இழுக்காது.

கேள்வி: பெட்ரோல்?

பதில்: கார்புரேட்டர் பைக் என்றால் பெட்ரோல் குழாயை மூடுங்கள். டேங்க் பாதிக்குமேல் வேண்டாம். டிரெய்லருக்கு உள்ளே பைக்கை ஏற்றும் வகை என்றால், கேஸ் சிலிண்டரின் வால்வை மூடி, இறங்கியதும் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து காற்றாட விட்ட பிறகே அடுப்பையோ ஹீட்டரையோ தொடலாம். பைக் நிற்கும் பெட்டியில் படுத்து உறங்க வேண்டாம்.

கேள்வி: ஒரே ஆளாகப் பிக்கப்பில் ஏற்ற முடியுமா? ஒருமுறை பலகை பின்னால் வழுக்கிப் போய்விட்டது.

பதில்: முடியும், இன்னொருவர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். பலகை வழுக்குவதற்குக் காரணம் எளிது: பின்சக்கரம் பலகையில் ஏறி உந்தும்போது, அது பைக்கை முன்னே தள்ளும் அதே விசையில் பலகையைப் பின்னே தள்ளுகிறது. பலகையின் மேல்முனையைச் சங்கிலியாலோ ஸ்ட்ராப்பாலோ வண்டியோடு கட்டாமல் பைக்கைத் தொடவே கூடாது.

தளம் 80 சென்டிமீட்டர் உயரம், பலகை 2.2 மீட்டர் என்றால் சாய்வு 21 பாகை. இதற்குமேல் செங்குத்தானால், பைக்கின் அடிவயிறு பலகையின் மேல்முனையில் தட்டும். வண்டியின் பின்சக்கரங்களைச் சிறு பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் பாதி வேலை குறையும். பைக்கின் மேல் உட்கார்ந்து ஏற்றாதீர்கள். மேலே போனதும் கால் ஊன்றத் தரை இருக்காது. இடப்பக்கம் நின்று, முதல் கியரில், கிளட்சை அளந்து விட்டு நடத்துங்கள். நீங்கள் நடக்க ஒரு தனிப் பலகை வேண்டும்.

நடுவழியில் நின்றுவிட்டால் முன்பிரேக்கை நம்ப வேண்டாம். ஏற்றத்தில் கனம் பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன்சக்கரம் பூட்டியபடியே பின்னால் சறுக்கும். கிளட்சை விட்டுவிடுங்கள். கியரில் இருக்கிற இன்ஜின் நின்று, பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பைக் டிரெய்லரில் ஏறுவதானால், டிரெய்லர் வண்டியில் மாட்டியிருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். கழற்றி நிறுத்திய டிரெய்லரின் பின்னால் 150 கிலோ ஏறினால் மூக்கு எழும்பிவிடும்.

கேள்வி: டிரெய்லருக்குப் பின்னால் இன்னொரு குட்டி டிரெய்லரில் பைக்கை இழுத்தால் கணக்கு எதுவும் வேண்டாமே?

பதில்: பல இடங்களில் சட்டமே அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், இரண்டாவது மூக்கின் கனம் முதல் டிரெய்லரின் பின்முனையில்தானே இறங்கும்? முதல் கேள்விக்கான கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். இரண்டு டிரெய்லரோடு பின்னால் வருவதும் லேசில் கைவராது.

கேள்வி: சரிவில் இறங்கும்போது டிரெய்லர் ஆடத் தொடங்கியது. வேகத்தைக் கூட்டினால் நேராகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு கணம் இழுத்து நேராக்குவது போலத் தோன்றும். பிறகு அதிக வேகத்தில் அதைவிடப் பெரிய ஆட்டத்தில் மாட்டுவீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருத்தப் போனால் உங்கள் கை எப்போதும் அரைத் துடிப்பு தாமதமாகத்தான் போகும், ஆட்டத்துக்குத் தாளம் போட்டதுபோல் ஆகிவிடும். காரின் பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக்கும் கையால் இயக்கும் கட்டுப்பாடும் இருந்தால் அதை மட்டும் மெல்ல இயக்குங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதால் வால் நேராகும்.

அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, மூன்றைப் பாருங்கள். பைக்கோ சாமானோ பின்னால் நகர்ந்திருக்கிறதா, டிரெய்லர் டயரில் காற்று குறைந்திருக்கிறதா, மூக்கு வானம் பார்த்து நிற்கிறதா. டிரெய்லர் சமமட்டமாகவோ, மூக்குச் சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால், ஹிட்ச் பந்தை உயரம் குறைந்த தாங்கிக்கு மாற்ற வேண்டும்; அதுவரை பின்னால் இருக்கும் கனமான பொருள்களை அச்சுக்கு முன்னே கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். எந்த வேகத்தில் ஆட ஆரம்பித்தது என்பதை நினைவில் வையுங்கள். சாமானை மாற்றி அடுக்கிய பிறகும் அதே வேகத்தில் ஆடினால், கோளாறு அடுக்கில் இல்லை. ஹிட்ச் பந்தைக் கவ்வும் கப்ளிங்கின் பிடி தேய்ந்திருக்கிறதா, சக்கர பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.